ஒற்றைத் தண்டவாளமும் ஓர் உலோக வில்லையும்

பதுளைப் பாதையில் பயணம் செய்த வாசகர்கள் எல்ல புகையிரத நிலையத்தில் இக்காட்சியைக் கண்டிருப்பர். நிலைய ஊழியர் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை நீட்டுவார். சாரதியோ உதவியாளரோ அதைக் கையால் கொழுவி எடுத்துக்கொண்டு, தம்மிடமிருந்த வேறொரு வளையத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். உல்லாசப் பயணிகள் அதனை ஒரு வேடிக்கையாகப் படமெடுப்பர். அந்த வளையத்தில் தொங்கும் தோற்பையினுள் ஓர் உலோக வில்லை இருக்கும். இரு நிலையங்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அது கையில் இல்லாத எந்த வண்டியும் அவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பாதையில் நுழையலாகாது.

கொழும்பிலிருந்து றம்புக்கணைக்கு அப்பால் மலையேறும் பாதை ஒற்றைத் தண்டவாளம். 1864இல் அம்பேபுஸ்ஸவை எட்டிய புகையிரதம் 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையைத் தொட 1924 ஆயிற்று. கோப்பியை இறக்குவதற்கென்று தொடங்கிய பாதை ஊவாவுக்கு வந்து சேர்ந்தபோது கோப்பியே இல்லை. 1869இல் தென்பட்ட இலைநோய் அதனை அழித்துவிட, தேயிலை அவ்விடத்தைப் பிடித்திருந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரையில் குன்றைச் சுற்றி வந்து தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்லும் பாதை. இத்தகைய நிலத்தில் இரண்டாவது தண்டவாளம் போடுவதை யார் நினைத்துப் பார்ப்பார்?

வில்லை முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1874 செப்டெம்பரில் நோர்விச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒரே பாதையில் எதிரெதிராக அனுப்பப்பட்ட இரு வண்டிகள் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் இதற்கொரு தீர்வு கண்டார். இரு நிலையங்களிலும் இரண்டு பெட்டிகள், இடையே மின்கம்பி. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அதனை ஏதேனும் ஒரு பெட்டியில் திரும்ப இடும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. மனிதன் மறக்கலாம், பொறி மறக்காது.

ஆனால் வில்லை சொல்வது ‘ஒருவர் மட்டும்’ என்பதையே. ‘யார் முதலில்’ என்பதை அது சொல்லாது. அதனை நேரசூசியும் நிலைய அதிபரும் கட்டுப்பாட்டு அறையும் தீர்மானித்தன. தபால் வண்டி, விரைவு வண்டி, சாதாரணப் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி என ஒரு படிவரிசை. தாழ்ந்த படியிலுள்ளது பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்க, உயர்ந்தது கடந்து போகும். இதில் நியாயமும் உண்டு. தோட்டத்து அரிசியும் உரமும் மேலேறின, தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கின. பெட்டியிலிட்ட தேயிலை இரண்டு மணித்தியாலம் காத்திருந்தால் கெட்டுவிடாது. கடிதமும் காய்கறியும் அப்படியல்ல. சுமையின் அளவு வேறு, அவசரம் வேறு. அவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இக்கலையின் ஆரம்பம்.

நூறாண்டு கழித்துக் கணினிப் பொறியியலாளர்கள் இதே இக்கட்டில் வந்து நின்றனர். 1980களில் ஐபிஎம் நிறுவனம் பரப்பிய ‘டோக்கன் ரிங்’ வலையமைப்பில், சுற்றிவரும் அடையாளத்துண்டைப் பெற்ற கணினி மட்டுமே தரவை அனுப்பலாம். எல்ல நிலையத்து வில்லையின் ஒன்றுவிட்ட தம்பி என்றே அதைச் சொல்வேன். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த 1981ஆம் ஆண்டு ஆவணம் ஒவ்வொரு தரவுப் பொதியின் முகப்பிலும் மூன்று இருமக்குறிகளை முன்னுரிமைக்கென ஒதுக்கியது. ஆக எட்டுப் படிகள். அவற்றிற் பலவற்றின் பெயர்கள் அமெரிக்க இராணுவத் தந்தி வழக்கிலிருந்து வந்தவை. அவசரத் தந்திக்குக் கூடுதல் கட்டணம் கட்டி, செய்தி முந்திச் செல்லும் என்று நம்பிய எங்கள் தலைமுறைக்கு இது புதிதன்று.

படிவரிசையில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மேற்படியில் இருப்பவர்கள் வந்துகொண்டேயிருந்தால் கீழ்ப்படியில் இருப்பவனின் முறை வராமலே போகும். பொறியியலாளர் இதற்குப் ‘பட்டினி’ என்றே பெயரிட்டிருக்கின்றனர், பொருத்தமான சொல். 1985இல் ஜோன் நேகல் வேறொரு வழியை முன்வைத்தார்: அனுப்புகின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை அமைத்து, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒரு பொதியாக மாறி மாறி எடுப்பது. அளவுக்கு மிஞ்சி அனுப்புபவன் தன் வரிசையைத்தான் நீளச் செய்வான், அடுத்தவனுடையதை அல்ல. 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் மூவரும் பொதிகளின் நீளத்தையும் கணக்கிலெடுத்து இதனைச் செம்மைப்படுத்தினர். என் பார்வையில், முன்னுரிமைப் படிகளை விட நாகரிகமான சிந்தனை இது. பணம் கொடுப்பவரின் பொதிக்கு வழிவிடலாமா என்று பல நாடுகளில் நடந்த வாதங்களும் இப்புள்ளியைச் சுற்றியவையே.

மலையகத்தின் வரிசை வேறு விதமானது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிய முடிவு 1974 வரை காத்திருந்தது. பக்கப் பாதையில் ஒதுக்கிய சரக்கு வண்டிகூட இத்தனை காலம் நின்றிராது. கடவுச்சீட்டுக் கிடைத்தவர்கள் பதுளைப் பக்கத்து நிலையங்களில் தகரப் பெட்டிகளுடன் ஏறினர். பொல்காவலை, மாகோ, மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்றும் நேர்ந்தது. மேடையில் நின்றவர்கள் மாரடித்து அழுததால் அந்த வண்டிகளுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற பெயர் தோட்டங்களில் நிலைத்தது. நேரசூசி எதிலும் இடம்பெறாத பெயர் அது.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் போர் தலைமன்னார்ப் பாதையையும் விழுங்கியது. 2015 மார்ச்சில் தண்டவாளம் மீண்டும் இறங்குதுறை வரை சென்றபோது, அங்கே ஏறுவதற்குக் கப்பல் இருக்கவில்லை.