உஸ்கான் கட்டிய படிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்



விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி செய்தி வரும். "டீச்சர், பசங்களை ட்ரெக்கிங் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசை. போன தடவை பாதி வழியிலேயே 'தூக்கு, தூக்கு'ன்னு அழுதுட்டான். என்ன பண்றது?" ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் இன்று நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர்! ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொடைக்கானல் வரை போக வேண்டாம். சைதாப்பேட்டை வரை போனால் போதும்.

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் மறைமலை அடிகள் பாலம் உங்களில் பலர் தினமும் போய்வரும் பாலம். அந்த இடத்தில் முதலில் பாலம் கட்டியவர் அரசரும் இல்லை, கவர்னரும் இல்லை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். இன்றைய ஈரானில் உள்ள ஜூல்ஃபாவைச் சேர்ந்த குடும்பம். வணிகத்துக்காகச் சென்னைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். ஆர்மீனியர்கள் இந்த ஊரில் எவ்வளவு கலந்திருந்தார்கள் என்பதற்கு ஜார்ஜ் டவுனில் உள்ள அரண்மனைக்காரத் தெருவே சாட்சி. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியர் தெரு என்பது நம் மக்கள் வாயில் அப்படி மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் சாந்தோமிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற யாத்திரை பிரசித்தம். புனித தோமையார் சின்னமலையில் ஒளிந்திருந்தார், பரங்கிமலையில் உயிர் நீத்தார், மயிலாப்பூரில் அடக்கமானார் என்பது மரபு. கோட்டைப் பக்கத்திலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் மக்கள் நடந்தே போவார்கள். சாந்தோமிலிருந்து கணக்கிட்டால் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வழியில் இரண்டு தடைகள். ஒன்று, அடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பயணம் நின்றுவிடும். இரண்டாவது, மலையின் செங்குத்தான ஏற்றம். கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எப்படி ஏறுவார்கள்?

உஸ்கான் இரண்டு தடைகளையும் தீர்த்தார். 1726-இல் ஆற்றின் மேல் பாலம் கட்டினார். முப்பதாயிரம் வராகன் அவருடைய சொந்தப் பணம். மலைக்குக் கல் படிகள் அமைத்தார். கட்டியதோடு விடாமல் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கினார். மாம்பலம் என்ற பெயரை வெள்ளைக்காரர்கள் மார்மலாங் என்று உச்சரித்ததால் அது மார்மலாங் பாலம் ஆயிற்று. தி.நகர் பிள்ளைகளே, உங்கள் மாம்பலம்தான் அது! பாலம் கட்டிய செய்தியை ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, அவர்கள் பக்கம் சேர மறுத்த உஸ்கான் தன் சொத்தை இழந்தார். 1751-இல் காலமாகி, வேப்பேரியில் அடக்கமானார். அவர் சேர்த்த செல்வம் எங்கே போனது என்று இன்று யாருக்குக் கவலை? ஊருக்காகப் போட்ட படிகள்தான் நிற்கின்றன.

இதற்கும் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. நடைவழி அமைத்த நம் முன்னோர் பலர் பலசாலியை மனதில் வைத்து வழி போடவில்லை. கூட்டத்தில் யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவருக்காகப் போட்டார்கள். அதனால்தான் பழைய வழிகள் பலவற்றில் நிற்க ஓர் இடம், பார்க்க ஒரு பொருள், கேட்க ஒரு கதை இருக்கும்.

பரங்கிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் சுமார் 300 அடி. அடிவாரத்தில் நான்கு வளைவுகள் கொண்ட வாயில், அதன் மேல் சிலுவை, அதில் 1547 என்ற ஆண்டு. ஏறும் வழியில் பின்னாளில் சிலுவைப் பாதையின் 14 நிலைகளை அமைத்திருக்கிறார்கள். படிகளைப் பதினான்கால் வகுத்தால் ஏறக்குறைய பத்துப் படிக்கு ஒரு நிலை. பத்துப் படி ஏறு, நில், பார். மூன்று வயதுக் குழந்தையால்கூட முடியும்.

திருவண்ணாமலை கிரிவலத்தைப் பாருங்கள். 14 கிலோமீட்டர். கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. 14-ஐ எட்டால் வகுத்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். "அடுத்த லிங்கம் வரைக்கும் நடப்போம் வா" என்று சொல்லிச் சொல்லியே நம் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளைச் சுற்ற வைத்தார்கள். பதினான்கு கிலோமீட்டர் என்று அவர்கள் வாயில் வரவே வராது.

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிடும் என்று அந்தக் காலத்தில் கூட்டம் கூடும். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவை வருவதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரை அதில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவரில் கிறுக்குகிற பழக்கம் எவ்வளவு பழையது, எவ்வளவு தப்பு என்று ஒரே இடத்தில் பாடம் நடத்திவிடலாம்!

மெதுவாக நடப்பதை மட்டமாக நினைக்காதீர்கள். இந்தியாவை அளந்த மாபெரும் நில அளவைப் பணிக்கான அடித்தளக் கோடு 1802-இல் பரங்கிமலையருகேதான் அளக்கப்பட்டது. வில்லியம் லாம்ப்டன் நூறடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை தரையில் நீட்டி, ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு 210 மீட்டர்தான். உங்கள் வீட்டுக் குட்டி எறும்பைப் பார்த்து, கல்லைப் பொறுக்கி, செருப்பைக் கழற்றி மாட்டி நடந்தாலும் அதைவிட வேகம்தான். மெதுவாகப் போனதால்தான் அந்த அளவு துல்லியமாக இருந்தது.

இப்போது பரங்கிமலை உச்சி வரை கார் போகிறது. முதியவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் நல்ல கால் உள்ள பிள்ளையையும் காரிலேயே ஏற்றி, உச்சியில் இறக்கி, போட்டோ எடுத்து, திரும்பக் கூட்டி வருகிறோம். அந்தப் பிள்ளைக்கு மலை என்பது ஒரு வாகன நிறுத்தம். அடுக்குமாடி வீட்டில் லிப்ட், பள்ளிக்கு வேன், மாலையில் டியூஷன். அந்தக் கால்கள் எப்போதுதான் பழகும்? யாரும் ஏறாத படியில் புல் முளைக்கும். ஒரு தலைமுறை நடக்காமல் விட்டால் வழியும் போய்விடும், பழக்கமும் போய்விடும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை மறக்க முடியுமா? நம் சென்னையிலிருந்து போன இளம் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். காய்ந்த மாதத்தில் காடு வேறு, பூங்கா வேறு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்ற வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியோடு போகும்படி திறந்திருக்கிறது. காட்டுக்குப் போவதென்றால் அந்த மாதிரி அனுமதியோடு, எளிது என்ற பிரிவில் மட்டும் போங்கள். அதற்கு முன் நம் ஊர்ப் படிகளில் பழக்குங்கள்.

எப்படிப் பழக்குவது? இந்த வழிகள் கற்றுத் தருவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கூட்டத்தில் மிகச் சின்னப் பிள்ளையை முன்னால் விடுங்கள். அதன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். உச்சியைப் பற்றிப் பேசாதீர்கள், அடுத்த நிறுத்தத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். கால் வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதற்கு முன்பே உட்காருங்கள். உட்கார்ந்ததும் தண்ணீர், ஒரு கடலை உருண்டை, ஒரு கதை. அந்தக் கதை அந்த இடத்தின் கதையாக இருக்கட்டும். உஸ்கான் கதையை இரண்டு நிறுத்தத்துக்குப் பிரித்துச் சொல்லலாம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். சென்னையில் காலை எட்டு மணிக்கு மேல் கல்படி சுடும். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று பிள்ளை கேட்கும்போதே கிளம்பிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த முறை அதுவே கூப்பிடும்.

மின்சார ரயிலில் பரங்கிமலையில் இறங்கி நடந்தால் அதுவும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேலே போனால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். எந்த மதத்தவரானாலும் அது வழிபாட்டு இடம், சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன், விடுவேனா? உஸ்கான் அமைத்தவை 160 படிகள் என்று சிலர் எழுதுகிறார்கள். இப்போது இருப்பவை 134 என்று சிலர் எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். பிள்ளை சொன்ன எண்ணை அப்படியே கீழே கமெண்டில் போடுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். தப்பாக எண்ணினாலும் முழு மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்