அஜீஸ் நகர் முதல் கல்வராயன் மலை வரை: கிறிஸ்தவச் சிறைப்பணி கடந்து வந்த வழி

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே கோமுகி அணையைத் தாண்டியதும் வெள்ளிமலைக்கான மலைப்பாதை ஏறத் தொடங்குகிறது. மேலே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். அவர்களில் ஒருவர் சாராய வழக்கிலோ வன வழக்கிலோ கைதானால் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு இறக்கப்படுகிறார். நீதிமன்றக் காவல் நீண்டால், அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலூர் கேப்பர் மலையில் இருக்கும் மத்தியச் சிறை. மனுக் கொடுத்து அவரைப் பார்க்கப் போகும் மனைவிக்குக் குறைந்தது ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் சிறைக்குள் இருப்பவரைத் தேடி வரும் வெளியாட்கள் பல நேரம் இருவர்தான்: வழக்கறிஞர் ஒருவர், சிறைப்பணிக் குழுவைச் சேர்ந்த மற்றொருவர்.

அந்த இரண்டாமவர் அங்கே எப்படி வந்தார், எதற்காக வந்தார் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் கிறிஸ்தவச் சிறைப்பணி தன் இயல்பில் பலமுறை மாறியிருக்கிறது. காவல் காப்பதில் தொடங்கி, மனம் திருப்புவதற்கு நகர்ந்து, பிறகு பாதிக்கப்பட்டவரையும் குற்றம் செய்தவரையும் முகத்துக்கு முகம் அமர்த்தும் உறவுச் சீரமைப்பு நீதிக்கு வந்தது. சிலர் அதையும் தாண்டி, கைதியின் உரிமைக்காக அரசையே கேள்வி கேட்டார்கள். இந்த வட்டாரத்துக்கு மிகவும் வேண்டியது அந்தக் கடைசிக் கட்டம். இங்கே மிகக் குறைவாக நடந்திருப்பதும் அதுதான்.

தமிழ் மண்ணில் புராட்டஸ்டண்ட் மிஷன் வரலாறு சிறையோடுதான் தொடங்குகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, டேனியக் கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட மோதலால் 1708 இறுதியில் கைதாகி நான்கு மாதம் அடைபட்டிருந்தார். ஆனால் இங்கே சிறைப்பணி ஓர் அமைப்பாக உருவெடுத்தபோது, அதன் முன்மாதிரி அந்தக் கைதியாக இல்லை. 1777இல் இங்கிலாந்துச் சிறைகளின் நிலையை நூலாக வெளியிட்ட ஜான் ஹோவர்டும், 1813இல் லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்த குவேக்கர் பெண்மணி எலிசபெத் ஃபிரையும் முன்மாதிரி ஆனார்கள். நல்லொழுக்கம், வேலை, வேத வாசிப்பு ஆகிய மூன்றும் மனிதரைத் திருத்தும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. ஃபிரை கைதிகளை மனிதர்களாகப் பார்த்தார், அவர்களோடு கலந்து பேசி விதிகளை வகுத்தார். அந்த நம்பிக்கை கப்பலேறிக் காலனிக்கு வந்தபோது கலந்து பேசுவது கழன்றுபோயிற்று. விதிகள் மட்டும் வந்து சேர்ந்தன.

1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தக் குற்றமும் செய்யாத ஒருவர், பிறந்த சாதியின் பெயரால் கைரேகை பதிக்க வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. அரசு அறிவித்த கூட்டத்தாரைக் குடும்பத்தோடு அடைத்துவைக்கக் குடியேற்றங்கள் தேவைப்பட்டன. அவற்றில் பலவற்றை நடத்த முன்வந்தவை மிஷன் அமைப்புகள். ஐ.சி.எஸ். பதவியைத் துறந்து சால்வேஷன் ஆர்மியில் சேர்ந்த ஃபிரடெரிக் பூத்-டக்கர் 1908இல் கோரக்பூரில் டோம் மக்களுக்காக இப்படியொரு குடியேற்றத்தை ஏற்றார். 1913இல் குண்டூர்ப் பக்கம் எருகுல மக்களுக்காக ஸ்டூவர்ட்புரம் எழுந்தது. அதன் பெயர் சென்னை கவர்னரின் நிர்வாகக் குழுவில் இருந்த ஹெரால்டு ஸ்டூவர்ட்டின் பெயர்.

நம் வட்டாரமும் இதற்கு விலக்கில்லை. வேப்பூர்ப் பகுதித் தலித் மக்களை 'வேப்பூர்ப் பறையர்' என்று ஒரு கூட்டமாக்கித் திருட்டுப் பழி சுமத்தும் வழக்கத்தை 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலேயே காணலாம். பின்னர் அவர்கள் குற்றப்பரம்பரைப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்களை அடைத்துவைக்க அமைந்ததுதான் தென்னார்க்காட்டு அஜீஸ் நகர்க் குடியேற்றம். இன்று உளுந்தூர்பேட்டைப் பக்கம் அந்தப் பெயர் ஓர் ஊரின் பெயராக மட்டும் நிற்கிறது.

வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா சென்னை மாகாணக் குடியேற்றங்களை விரிவாக ஆராய்ந்து காட்டியதில் முக்கியமான ஒன்று உண்டு. எருகுல மக்களின் பழைய பிழைப்பு, உப்பும் தானியமும் சுமந்து விற்கும் வணிகம், ரயிலாலும் உப்புச் சட்டங்களாலும் காட்டுச் சட்டங்களாலும் நொறுங்கிய பிறகே அவர்கள் 'குற்றவாளி' ஆனார்கள். குடியேற்றமோ அவர்களை ஆலைக்கும் பண்ணைக்கும் மலிவான கூலியாட்களாக மாற்றிக் கொடுத்தது. மிஷனரிகளில் அன்பு மிகுந்தவர்கள் இருந்தார்கள். பள்ளி கட்டினார்கள், நோய்க்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் காலையில் பாடம் சொன்ன அதே கை, இரவில் ஆஜர்ப் பதிவேட்டையும் பிடித்திருந்தது. கிறிஸ்தவச் சிறைப்பணி தன் வரலாற்றில் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய அத்தியாயம் இது.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீங்கியது. அதன் நிழல் சிறை விதிநூல்களில் தங்கிவிட்டது. 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைக்குள் சாதிப்படி வேலை பிரிப்பதையும், குற்றப்பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் செல்லாதென அறிவித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அறைகள் பிரிக்கப்பட்டிருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

இரண்டாம் கட்டம் கேரளத்தில் தொடங்கியது. 1981இல் கோட்டயம் வடவாதூர் குருமாணவர்களாக இருந்த பிரான்சிஸ் கொடியனும் வர்கீஸ் கரிப்பேரியும் சிறைக்குள் இருப்போரைச் சந்திக்கத் தொடங்கினார்கள். இயேசு சகோதரத்துவம் என்ற பெயரில் முளைத்த அந்தச் சிறு குழுவே பிற்பாடு இந்தியச் சிறைப்பணி இயக்கமாக, கத்தோலிக்க ஆயர் பேரவையின் அங்கீகாரத்தோடு நாடெங்கும் பரவியது. இயக்கத்தின் பாதுகாவலர் புனித மாக்சிமிலியன் கோல்பே. ஆஷ்விட்ஸ் முகாமில் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பத்தலைவருக்குப் பதிலாகத் தம்மை ஒப்புக்கொடுத்து, 1941 ஆகஸ்ட் 14 அன்று இறந்தவர். அதை ஒட்டியே இந்தியத் திருச்சபை ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறைச் சிறைப்பணி ஞாயிறாகக் கொண்டாடுகிறது. பூத்-டக்கரை விட்டுக் கோல்பேயிடம் வந்ததில் பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது. முன்னவர் வேலிக்கு வெளியே சாவியோடு நின்றவர். பின்னவர் உள்ளே, சட்டையில் எண் தைக்கப்பட்டு நின்றவர்.

ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் வேறொன்று நடந்திருந்தது. 1974இல் ஒன்டாரியோ மாகாணத்து எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேருடைய சொத்துகளைச் சேதப்படுத்தினர். டயர்கள் கிழிந்தன, சன்னல்கள் உடைந்தன. மெனோனைட் சபையைச் சேர்ந்த நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி, இவர்களைப் பாதிக்கப்பட்டோரின் வீட்டுக்கே கூட்டிப்போனால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி ஒப்பினார். இளைஞர்கள் வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டி, தாங்கள் யாரென்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சில மாதங்களில் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1990இல் ஹோவர்டு ஸேர் எழுதிய நூல் இந்த அனுபவத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்று தொடங்காமல், யாருக்குக் காயம், அவருக்கு என்ன வேண்டும், அதைத் தரும் கடமை யாருக்கு என்று தொடங்குவதே உறவுச் சீரமைப்பு நீதி.

இந்தியாவில் இதற்கு ஈடு சொல்ல எனக்குத் தோன்றுவது அருட்சகோதரி ராணி மரியாவின் வழக்கு. கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த இந்தப் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சகோதரி, மத்தியப் பிரதேசத்து உதய்நகர்ப் பகுதியில் பழங்குடியினரை வட்டிக் கடனிலிருந்து மீட்க வேலை செய்தார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை பெற்ற அவரைச் சிறையில் தேடிப்போனவர் சுவாமி சதானந்த் என்ற குரு. 2002இல் ராணி மரியாவின் தங்கை அருட்சகோதரி செல்மி பால் இந்தோர்ச் சிறைக்குச் சென்று, அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டினார். குடும்பமும் திருச்சபையும் விடுதலைக்கு மனுக் கொடுத்தன. 2006இல் வெளியே வந்த சமந்தர் சிங், புல்லுவழி வீட்டுக்குப் போய்த் தாயைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்த மன்னிப்பின் ஆழத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆய்வாளர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கத்தி எடுத்தவர் சிறைக்குப் போனார், மனம் வருந்தினார், மன்னிப்புப் பெற்றார். அவர் கையில் கத்தியைக் கொடுத்த வட்டிக் கடனும் நிலவுடைமையும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. இருவருக்கிடையே உறவு சீராகும்போது மூன்றாவது தரப்பு தப்பிவிடுகிறது.

இதே வட்டாரத்து எறையூர் இந்தக் கேள்வியைத் திருச்சபை பக்கமே திருப்புகிறது. உளுந்தூர்பேட்டைக்கு அருகில் செபமாலை அன்னை ஆலயம் நிற்கும் பழைமையான கத்தோலிக்க ஊர் அது. தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியதைத் தொடர்ந்து 2008 மார்ச் 9 அன்று வன்முறை வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே நற்கருணையை உண்டவர்கள் கல்லறையில்கூடப் பிரிந்து கிடந்த ஊரில் ஒப்புரவு என்பது சிறைவாசலில் தொடங்க முடியாது. அது பங்குக் கோயிலின் பலிபீடத்தருகே தொடங்க வேண்டியது.

மூன்றாவது தரப்பைப் பெயர் சொல்லிக் காட்டியவர் திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி. ராஞ்சியில் பகைச்சா மையத்தை அமைத்து, ஜார்கண்ட் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றிக் களஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார். நிலத்துக்கும் காட்டுக்கும் குரல் கொடுத்தவர்களே மாவோயிஸ்டு என்ற பெயரில் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அவர்களுக்காக ஜார்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடர்ந்தார். 2020 அக்டோபர் 8 அன்று அவரே கைதானார். நடுக்குவாத நோயால் டம்ளர் பிடிக்க முடியாத 83 வயது மனிதர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழாய் கேட்டு நீதிமன்றம் போனார். 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தார். சிறைப்பணி என்ற சொல்லை அவர் அதிகம் பயன்படுத்தியதில்லை. ஆனால் கோல்பேயின் வழியை இந்தியச் சிறைக்குள் கடைசிவரை நடந்தவர் அவர்.

அவருடைய கண்ணோட்டத்தோடு கல்வராயன் மலையைப் பார்த்தால் என்ன தெரிகிறது? நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. 1976இல்தான் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. தலைமுறைகளாக உழுத நிலத்துக்கு இன்னும் பலருக்குப் பட்டா இல்லை. மழையை நம்பிய சாகுபடி முடிந்தால் வேலை தேடி வெளியே போக வேண்டும். அப்படிப் போனவர்களைத் தரகர்கள் ஆந்திரச் செம்மரக் காடுகளுக்கு ஏற்றிச் சென்றார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழர்கள் 20 பேர். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளின் பழங்குடியினர் அவர்களில் பலர். கல்வராயன் மலைக்காரர்களும் கடப்பா, நெல்லூர்ச் சிறைகளை நன்கு அறிவார்கள். மலையில் தங்கியவர்களில் சிலர் சாராய ஊறல் போட்டார்கள். போலீஸ் ஏறி வந்து பேரல்களைக் கவிழ்த்துவிட்டுப் போகும், வழக்கு தங்கிவிடும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால், தொழிற்சாலைகளில் புழங்கும் ரசாயனம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அதன் பிறகு சோதனைகள் மலைமீதும் திரும்பின. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம், பிழைப்பு பற்றி அரசிடம் கேட்டது. உறவுச் சீரமைப்பு நீதி கேட்கும் கேள்வியும் இதுவேதான்: காயம் யாருக்கு, கடமை யாருக்கு? கருணாபுரத்தில் விற்றவரும் குடித்து இறந்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டார். அங்கே எல்மைராவைப் போல முகத்துக்கு முகம் பேசும் நாள் ஒருவேளை வரக்கூடும். அதற்கு முன் விதவைகளின் துயரம் கேட்கப்பட வேண்டும், கண்டும் காணாமல் விட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

மலையில் ஊர்க்கவுண்டர் முன் கூடும் பஞ்சாயத்து, தண்டம் கட்டவைத்து உறவை ஒட்டவைக்கும் மரபை வெகுகாலமாகக் கொண்டிருக்கிறது. அதை உறவுச் சீரமைப்பு நீதியின் மூலவடிவம் என்று சிலர் புகழ்கிறார்கள். பெண்ணின் சொல்லுக்கு அங்கே கிடைக்கும் இடத்தைப் பார்க்காமல் அப்படிப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். மலைக்காரருக்கு ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் வெளியே வருவது வேறு கதை. இரண்டு ஜாமீன்தார்கள் வேண்டும், அவர்களிடம் சொத்து ஆவணம் வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். பட்டா இல்லாத ஊரில் சொத்து ஆவணத்துக்கு எங்கே போவது? கடப்பாவில் அடைபட்டவரிடம் உள்ளூர் ஜாமீன்தார் கேட்டால், தெலுங்கு தெரியாத அவருக்கு யார் கையெழுத்திடுவார்? 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வாசல் திறந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தார் கேட்பதையும் தவிர்க்கலாம். இந்த ஏழு நாள் கணக்கை எண்ண உள்ளே ஆள் வேண்டும். சிறைக்குள் போகும் அனுமதி சிறைப்பணிக் குழுக்களுக்கு இருக்கிறது. கடலூரிலும் கடப்பாவிலும் பங்குகள் இருக்கின்றன, மலையடிவாரத்திலும் இருக்கின்றன. செபப் புத்தகத்தோடு ஒரு பெயர்ப் பட்டியலையும் அவர்கள் எடுத்துச் செல்லலாம்: யாருக்கு எந்தத் தேதியில் ஜாமீன், எந்த ஊர், யாரிடம் சொல்ல வேண்டும் என்று.