மிட்டாயைத் தொடாத சிறுமிகள்

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் 1856இல் சார்லஸ் ஹல் என்ற மனை வணிகர் கட்டிய செங்கல் வீட்டில், 1889 செப்டம்பர் 18 அன்று ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்ற இரண்டு இளம்பெண்கள் குடிபுகுந்தார்கள். லண்டனில் ஏழைகள் வாழும் பகுதிக்கே படித்தவர்கள் போய்க் குடியிருந்து தொண்டு செய்த டாயின்பீ ஹாலை ஆடம்ஸ் அதற்கு முந்தின ஆண்டுதான் பார்த்திருந்தார். ஹல் ஹவுஸ் என்று பெயர் பெற்ற இந்த வீட்டைச் சுற்றி இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், பொஹீமியர், ரஷ்யாவிலும் போலந்திலும் இருந்து வந்த யூதர் என்று புலம்பெயர்ந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். மூன்று மாதத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்து மிட்டாய் கொடுத்தபோது சில சிறுமிகள் வாங்கிக்கொள்ளவில்லை. மிட்டாய் ஆலையில் வேலை செய்கிறோம், அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்றார்கள். விசாரித்ததில், ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அவர்கள் அங்கே உழைத்து வந்தது தெரிந்தது. 1910இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஆடம்ஸ் இதை எழுதிவைத்திருக்கிறார்.

இன்று பள்ளி விட்டபின் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் தங்கும் காப்பகங்கள் பலவற்றில், நாட்காட்டியைப் பார்த்துப் பண்டிகைகளையும் பருவ விழாக்களையும் நடத்துகிறார்கள். வண்ணத்தாள் ஒட்டுவது, பாட்டு, மாறுவேடம் எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு என்றோ பண்பாட்டுக் கல்வி என்றோ இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இந்த வழக்கம் உருவான முக்கியமான களங்களில் ஒன்று ஹல் ஹவுஸ். அதன் முதல் இருபது ஆண்டுகளைப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. பிள்ளைக்குச் சொந்தமான பொழுது இருந்த பிறகுதான் அங்கே பண்டிகைக்குப் பொருள் வந்தது. அந்தப் பொழுதைப் பெற்றுத் தந்தது சட்டம். அதற்குள் என்ன வைக்கலாம் என்று காட்டிக்கொடுத்தவர்கள், பெரும்பாலும், யாரும் மதிக்காத தாய்மார்கள்.

பருவம் என்ற சொல்லுக்கு அந்தத் தெருப் பிள்ளைகளின் வாழ்க்கையில் என்ன அர்த்தம் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஹல் ஹவுஸ்காரர்கள் அந்தப் பகுதியில் முதலில் சந்தித்த ஊனமுற்ற குழந்தைகள் மூவரும் தாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அடிபட்டவர்கள். ஒரு குழந்தை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்று தீயில் வெந்தது. மூன்றாவது குழந்தையை மூன்று வருடம் பகல் முழுவதும் சமையலறை மேசைக் காலில் கட்டிப் போட்டிருந்ததால் முதுகெலும்பு வளைந்துவிட்டது. பக்கத்து ஆலையில் வேலை செய்த அண்ணன் நடுப்பகலில் ஓடிவந்து கட்டை அவிழ்த்து, தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவான். வெயில் காலத்தில் நிலைமை தலைகீழ். புழுங்கும் அறைக்குள் பிள்ளைகள் அடைந்து கிடக்க மாட்டார்கள்; கதவைத் திறந்து போட்டால் திருட்டு பயம்; ஆகவே பிள்ளைகளை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மிட்டாய் ஆலை. ஆண்டின் பருவங்கள் அவர்களுக்கு இப்படித்தான் மாறின. தீபாவளி நெருங்க நெருங்கச் சிவகாசிப் பிள்ளைகளின் வேலைநேரம் நீண்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. பண்டிகைப் பொருளைச் செய்யும் கைக்கும் பண்டிகை கொண்டாடும் கைக்கும் நடுவே உள்ள தூரத்தை இங்கேயும் பார்த்திருக்கிறோம்.

அந்த முதல் குளிர்காலத்திலேயே ஹல் ஹவுஸின் சிறுவர் மன்றத்தைச் சேர்ந்த மூன்று பையன்கள் பக்கத்து ஆலையில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள், ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு தடுப்பு மாட்டியிருந்தால் தப்பியிருப்பார்கள். மாலையில் பாட்டும் கதையும் கேட்க வந்த பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியவில்லை. 1891 கடைசியில் வந்து சேர்ந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவரும் மற்றவர்களும் திரட்டிய சான்றுகளின் பேரில் 1893இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை ஆலைகளில் வைக்கக் கூடாது என்றது அது. கெல்லியே தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அதே சட்டத்தில் இருந்த, பெண்களுக்கான எட்டு மணிநேர வேலை விதியை 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அடித்துவிட்டது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எட்டு மணிநேர வரம்பும் இரவு வேலைத் தடையும் 1903இல்தான் வந்தன. எனவே, மிட்டாய் கொடுத்த இடமும் சட்டத்துக்கு வாதாடிய இடமும் ஒரே வீடு. பிள்ளைகளுக்கான விழாக்களின் வரலாற்றையும் குழந்தைத் தொழில் சட்டங்களின் வரலாற்றையும் தனித்தனி அலமாரியில் வைப்பது பிற்காலத்து வசதி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிள்ளைகளை விடுவித்தது சட்டமென்றால் பாட்டும் கூத்தும் வெறும் ஒப்பனைதானே? இதற்கு ஆடம்ஸ் 1909இல் எழுதிய நூலில் பதில் இருக்கிறது. நவீன நகரம் இளையவர்களின் உழைப்பை ஒழுங்காகத் திரட்டத் தெரிந்து வைத்திருக்கிறது, விளையாட்டை மட்டும் சாராயக் கடைக்காரனிடமும் மலிவான கொட்டகைக்காரனிடமும் விட்டுவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. ஆலை விட்ட நேரத்தைத் தெரு பிடித்துக்கொள்ளும். இதைச் சரியென்றே நினைக்கிறேன், ஆனாலும் அவர் குரலில் கொஞ்சம் நல்லொழுக்கப் பாடம் தொனிப்பதை மறுக்க முடியாது. அதைவிட வலுவான பதில், அந்த நேரத்தில் என்னென்ன நடந்தன என்பதில் இருக்கிறது. 1893இல் எலனோர் ஸ்மித் தொடங்கிய இசைப்பள்ளி பல ஆண்டுகள் கிறிஸ்துமஸ் கச்சேரி நடத்தியது. ஹல் ஹவுஸின் சிறுவர் பேண்டில் கிளாரினெட் பழகிய ஓர் ஏழைத் தையல்காரரின் மகன்தான் பின்னாளில் ஜாஸ் உலகம் கொண்டாடிய பென்னி குட்மன். டென்மார்க், ஸ்வீடன், பொஹீமியா நாடுகளின் நாட்டார் விளையாட்டுகளைத் தொகுத்த நீவா பாய்டு 1920களில் இங்கே விளையாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் கற்ற வயோலா ஸ்போலின், பல மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்து வளர்த்த நாடக விளையாட்டுகள் இன்று உலகெங்கும் நடிப்புப் பட்டறைகளில் புழங்குகின்றன. ஒப்பனையிலிருந்து இவ்வளவு விளையாது.

இன்னொரு மறுப்பு கனமானது: கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகை? போலந்திலிருந்து வந்த யூதச் சிறுமி ஹில்டா சாட், பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் இதற்குச் சான்று தருகிறார். ஐரிஷ் தோழி ஒருத்தி ஹல் ஹவுஸ் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டபோது, போனால் உயிருக்கு ஆபத்து வருமோ என்றுதான் ஹில்டாவுக்கு முதலில் தோன்றியது. அவள் பிறந்த மண்ணில் யூதர்களுக்கு அது கதவடைத்துக்கொள்ளும் நாள். பயந்துகொண்டே போனவள், பல நாட்டுப் பிள்ளைகள் பயமில்லாமல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்த விருந்தில்தான் தான் அமெரிக்கராக உணர்ந்ததாகச் சொல்கிறார். இதை ஹல் ஹவுஸின் வெற்றியாகக் காட்டுவது எளிது. ஆனால் ஒருத்தியின் நன்றியை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. 1906 டிசம்பர் 24 அன்று, பள்ளிகளில் கிறிஸ்துமஸ் வழிபாட்டுச் சாயலோடு விழா நடப்பதை எதிர்த்து, நியூயார்க்கின் யூதக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டன. பெரும்பான்மையின் பண்டிகையை எல்லோருக்கும் பொதுவென்று வைக்கும்போது சிறுபான்மைப் பிள்ளைதான் எப்போதும் அடுத்தவர் வீட்டு விருந்தாளி ஆகிறது. ஹல் ஹவுஸ் இதைத் தீர்த்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஹில்டாவும் சில வருடத்தில் பின்னலாடை ஆலைக்குத்தான் வேலைக்குப் போனார்.

அங்கே நடந்த ஒன்றே ஒன்று இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. ஹல் ஹவுஸுக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலியக் கிழவி தக்கிளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்ததை ஆடம்ஸ் பார்த்தார். பக்கத்து ஆலைகளில் நிற்கும் இளையவர்களுக்கு இப்படிப்பட்ட கைவேலைதான் தங்கள் இயந்திரத்தின் முன்னோடி என்று தெரியாது. தெரிந்தாலும் பாட்டியை நினைத்து வெட்கம்தான் மிஞ்சும். 1900இல் ஆடம்ஸ் தொழில் அருங்காட்சியகத்தைத் தொடங்கி, வந்த இடத்தில் கைவேலைக்கு மதிப்பில்லாமல் போன முதியவர்களை நூற்கவும் நெய்யவும் உட்கார வைத்தார். ஆஞ்செலினா என்ற இத்தாலியப் பெண் சனிக்கிழமை மாலைகளில் சமையல் வகுப்புக்கு வருவாள். அவள் அம்மா அதே நேரத்தில் அருங்காட்சியகத்துக்கு நூற்க வருவார். தலையில் துணி கட்டியிருந்த அந்த நாட்டுப்புறத்து அம்மாவோடு சேர்த்துப் பார்க்கப்படக் கூடாதென்று மகள் எப்போதும் வேறு வாசல் வழியாகத்தான் நுழைவாள். ஒருநாள் பல்கலைக்கழகக் கல்வியியல் துறையிலிருந்து வந்தவர்கள் அம்மாவைச் சூழ்ந்து நின்று வியந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அம்மா அவ்வளவு திறமைசாலியா என்று ஆடம்ஸிடம் விசாரித்தாள்; அவர் அம்மாவின் பழைய ஊரைப் பற்றி எடுத்துச் சொன்னார். பிறகு அம்மா நுழையும் வாசலிலேயே அவளும் வரத் தொடங்கினாள்.

இதுவும் காட்சிப்பொருள் வேலைதானே, உயிருள்ள பண்பாட்டைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்ததுதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. மகளின் மனம் மாறியதற்குக் காரணம் பல்கலைக்கழகத்து ஆட்களின் பாராட்டு என்பதும் சங்கடம் தருகிறது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1930கள் வரை ஹல் ஹவுஸ் மன்றங்களில் பெரிதாக இடமில்லை என்பது அதைவிடப் பெரிய சங்கடம். ஆனாலும் பண்பாட்டை நிறுவனம் தயாரித்துப் பிள்ளைக்குப் பரிமாறுவதற்கும், பிள்ளையின் வீட்டில் இருப்பவரையே ஆசிரியராக உட்கார வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஹல் ஹவுஸைப் பார்த்துத் தொடங்கிய காப்பகங்களும் மன்றங்களும் பண்டிகை அட்டவணையை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்த இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அம்மாவிடம் மாறுவேட உடையைக் கேட்கிறார்கள், அவருக்குத் தெரிந்த வேலையைக் கேட்பதில்லை.

பல்கலைக்கழக வளாகத்துக்காக 1963இல் ஹல் ஹவுஸின் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மூல வீடும் உணவுக்கூடமும் அருங்காட்சியகமாக எஞ்சின. அதன் பெயரில் நகரின் பல பகுதிகளில் குழந்தைகள் பராமரிப்பு முதலிய பணிகளை நடத்திவந்த சங்கம் 2012 ஜனவரியில் பணமில்லாமல் மூடப்பட்டது. பள்ளி விட்டபின் உள்ள பொழுது யாருடையது என்ற கேள்வி மட்டும் எங்கும் மூடப்படவில்லை. இந்தியாவில் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் அவர்கள் உதவலாம் என்று அனுமதிக்கிறது.