மானம் எவர் தருவது?

'கராமத்து' என்றதும் வலிமார்களின் அற்புதங்களே நம் நினைவுக்கு வருகின்றன. அரபு மொழியில் அச்சொல்லின் முதற்பொருளோ கண்ணியம். ஆதமின் மக்கள் யாவரும் கண்ணியப்படுத்தப்பட்டவர்கள் என்பது திருமறையின் போதனை. அந்தக் கண்ணியத்தை அரசுகள் எவ்வாறு மதித்தன என்பதற்கு நம் அண்டை வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

குற்றாலச் சாரல் வீசும் ஆய்க்குடி இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. முன்பு அது செங்கோட்டை வட்டத்தோடு சேர்ந்து, மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

அம்மன்னராட்சியில் மானம் என்பது மனிதனுக்கு உரியதாக இல்லை. குலத்துக்கு உரியதாக இருந்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கு வழக்கமே தடையாக நின்றது. 1814-இல் பிறந்த ஆணை, கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்றது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் அணிந்துவந்த அதே குப்பாயந்தான். ஆயினும் உயர்குலப் பெண்களைப் போலத் தோள்சீலை இடுதல் கூடாது என்ற தடை நீடித்தது.

அத்தடையை மீறிய பெண்கள் பொதுவிடங்களில் அவமதிக்கப்பட்டனர். 1858-ஆம் ஆண்டின் இறுதியில் பெருங்கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தியதன் பின்னர், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26-இல் சாசனம் பிறப்பித்தார். நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் மேலாடை அணியலாம். ஆனால் உயர்குலப் பெண்களைப் போல் அணியலாகாது என்றது அச்சாசனம்.

அந்த 'ஆனால்' என்னும் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்குங்கள். உடலை மறைக்கலாம், ஒப்பாகத் தோன்றலாகாது! அரியணை காத்து நின்றது பெண்ணின் நாணத்தையன்று, மேல் கீழ் என்னும் வரிசையையே.

பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ 1748-இல் வெளியிட்ட தம் நூலில், மன்னராட்சியை இயக்கும் விசை மானமே என்றும், அம்மானம் தனிச்சிறப்பையும் முன்னுரிமையையும் நாடுவது என்றும் விளக்கினார். அவர் கூற்றுக்குத் திருவிதாங்கூர்ச் சாசனம் தக்க உரைபோல் அமைந்துவிட்டது. பிறர் தாழ்ந்திருந்தால் மட்டுமே நிலைக்கும் மானம் அது. மன்னன் தருவதை மன்னனே பறிக்கவும் கூடும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டமோ, தன் முகப்புரையிலேயே தனிமனிதரின் கண்ணியத்தை உறுதி செய்தது. அங்கே 'ஆனால்' இல்லை. கண்ணியம் அரசின் கொடையன்று. அரசு காக்க வேண்டிய அமானிதம் என்பதே இதன் பொருள்.

சட்டம் மாறிவிட்டது. நம் உள்ளங்களும் மாறினவா? ஒரே சஹனில் கைவைத்து உண்ட சமுதாயம் நாம். நம் வீட்டுத் திருமணத்தில் செல்வருக்கு முன்வரிசையும், நமக்காக உழைப்பவருக்குக் கடைசிப் பந்தியும் ஒதுக்கும்போது, 1859-ஆம் ஆண்டின் அந்த 'ஆனால்' நம் நாவிலும் ஒலிக்கவில்லையா?