கொலுவும் சிறுவரும்

மாணவர்களே! மேலைநாடுகளில் ஹாலோவீன் என்னும் அக்டோபர் 31ஆம் நாள் இரவில் சிறுவர் மாறுவேடம் பூண்டு, வீடுதோறும் சென்று இனிப்புப் பெறுவர். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பாட்டோ கதையோ சொன்ன பின்னரே பண்டம் கிடைப்பது பழைய மரபு. அமெரிக்காவில் பாட்டு மங்கியது, பண்டம் நிலைத்தது. இதனையொத்த மாறுதல் நம் நவராத்திரிக் கொலுவிலும் நேர்ந்துள்ளது.

1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்களில் நகரத்தில் பணிபுரிவோர் குடியேறினர். கொலுப்படிகளும் உடன் வந்தன. 1970ஐ ஒட்டி, சிறுவனாகிய நானும் தோழரும் கண்ணனாகவும் ஔவையாகவும் வேடமிட்டுத் தெருத்தெருவாய்ச் செல்வோம். அழைப்பு வேண்டுவதில்லை. "ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். பாடியபின் சுண்டல் தருவார்கள். கூச்சமுள்ள பிள்ளையும் அவ்வொன்பது இரவுகளில் பிறர்முன் வாய்திறக்கக் கற்றது. ஆயினும் எல்லா வீடுகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பல வாயில்களில் சாதி நின்றது. இதனை மறைத்தால் வரலாறு ஆகாது.

பின்னர்த் தனிவீடுகள் பல அடுக்குமாடிகளாயின. வாயிலில் காவலர் அமர்ந்தார், அழைப்பு கைப்பேசியில் வந்தது, சுண்டல் பொட்டலமாயிற்று. 2020இல் கொரோனாக் காலத்தில் பலர் கொலுவைத் திரையிலேயே கண்டனர். இன்று ஒரே மாடியில் வாழும் பல குலத்துப் பிள்ளைகள் சேர்ந்து கொலுப் பார்ப்பதைக் காண்கிறேன், மகிழ்கிறேன். ஆனால், பாடச் சொல்வோர் அருகிவிட்டனர். கதவு அகன்ற இக்காலத்தில் பாட்டும் திரும்பவேண்டும். வரும் நவராத்திரியில், கேளாவிடினும் நீங்களே பாடுங்கள்.