வானம் பார்த்த பூமியும் விளிம்பில் பிறக்கும் நட்சத்திரங்களும்

புதியம்புத்தூர், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காட்டை 'வானம் பார்த்த பூமி' என்பார்கள். ஆற்றுப் பாசனம் கிடையாது. பெய்கிற கொஞ்ச மழையை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலேயே கம்பும் உளுந்தும் பருத்தியும் வந்துவிடும். புதிதாக வருகிறவர், "இங்கே என்ன விளையப்போகிறது?" என்றுதான் கேட்பார். வானியல் அறிஞர்களும் ஒரு காலத்தில் கேலக்ஸிகளின் விளிம்பைப் பார்த்து இப்படித்தான் கேட்டார்கள்!

ஏன் அப்படிக் கேட்டார்கள்?

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அது ஓரிடத்தில் அடர்த்தியாகத் திரண்டு, தன் ஈர்ப்பு விசையாலேயே சுருங்க வேண்டும். கேலக்ஸியின் நடுப்பகுதியில் வாயு அடர்த்தி அதிகம். விளிம்பில் ஹைட்ரஜன் இருந்தாலும் மிக மெல்லியதாகப் பரவிக் கிடக்கிறது. வாயுவின் அடர்த்தி ஓர் அளவுக்குக் கீழே போனால் நட்சத்திரப் பிறப்பு சட்டென்று குறைந்துவிடுகிறது என்று 1989-ல் ராபர்ட் கென்னிகட் காட்டினார். அதனால் விளிம்பைத் தரிசு நிலமாகவே பலரும் நினைத்தார்கள்.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 1899-ல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வந்தது. பிறகு வைணு பாப்புவின் முயற்சியால் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் உருவானது. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. இந்த மரபின் இன்றைய வாரிசுதான் பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

ஆனால் காவலூர் மலையிலிருந்தும் பார்க்க முடியாத ஒன்று இருந்தது. புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் மிகவும் சூடானவை. அவை தங்கள் ஒளியில் பெரும்பகுதியைப் புற ஊதாக் கதிர்களாக வெளியிடுகின்றன. அந்தக் கதிர்களில் பெரும்பாலானவற்றை நம் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. நமக்கு அது நல்லதுதான், வானியலுக்குத்தான் நஷ்டம்!

விளிம்பில் ஒரு விளைச்சல்

2003-ல் நாசா கேலக்ஸ் என்ற புற ஊதா விண்தொலைநோக்கியை அனுப்பியது. அது எம்83 என்ற கேலக்ஸியைப் படம் பிடித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. சாதாரண ஒளியில் தெரியும் வட்டுக்கு வெகு தூரம் வெளியே, இருட்டு என்று நினைத்த இடத்தில், இளம் நட்சத்திரக் கூட்டங்கள் சிதறிக் கிடந்தன. 2005-ல் இது வெளியானது. ரேடியோ தொலைநோக்கிகள் காட்டிய ஹைட்ரஜன் இழைகள் எங்கே ஓடினவோ அங்கேதான் அவையும் இருந்தன. அதாவது மொத்தத்தில் வறட்சி என்றாலும், ஈரம் தங்கிய இடத்தில் பயிர் முளைத்திருந்தது.

2015 செப்டம்பர் 28-ல் இஸ்ரோ ஆஸ்ட்ரோசாட்டை விண்ணில் ஏவியது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது மேலே சொன்ன அதே பெங்களூர் நிறுவனம். கேலக்ஸைவிடச் சிறிய கண்ணாடிதான், ஆனால் படம் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் கூர்மை.

2022-ல் தேஜ்பூர் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அன்ஷுமன் போர்கோஹைன், புனேயைச் சேர்ந்த கனக் சாஹா உள்ளிட்ட குழுவினர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 100 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ள 11 குள்ள கேலக்ஸிகளின் ஓரங்களில், நட்சத்திரம் பிறக்கும் நீல நிறத் திட்டுகளை ஆஸ்ட்ரோசாட் காட்டியிருந்தது. வெளியிலிருந்து வரும் வாயுவால் இவை உருவாகி, மெல்ல உள்நோக்கி நகர்ந்து கேலக்ஸியோடு சேர்கின்றன என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் விளிம்பு தரிசு அல்ல. சின்ன கேலக்ஸி வளர்வதே அங்கிருந்துதான்!

யாருக்கு இந்த வானம்?

5 ஆண்டுகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட ஆஸ்ட்ரோசாட் 2025-ல் 10 ஆண்டுகளை நிறைவு செய்தது. இடையில் 2018-ல் அதன் அண்மைப் புற ஊதாப் பிரிவு செயலிழந்தது, மற்ற பிரிவுகள் தொடர்ந்து வேலை செய்தன. அதே 2018-ல் அதன் தரவுகள் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அவற்றை இறக்கிப் பார்க்க பெரிய ஊரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கணினியும் கொஞ்சம் இயற்பியலும் நிறையப் பொறுமையும் போதும்.

மழைக்காக வானம் பார்த்துப் பழகிய ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொறுமையை யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?