பனிக்கட்டி மிதந்ததால் நடந்த வணிகம்

பூந்தமல்லியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ மெரினா கடற்கரைக்குச் செல்பவர்கள் காமராசர் சாலையில் வட்டமான முகப்புடைய ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் தங்கிய இடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கப்படுகிறது. ஆனால் அந்தப் பகுதிக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பழைய பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. ஏன்? 1842இல் அக்கட்டடம் எழுந்தது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகத்தான்!

சென்னையில் விற்ற அந்தப் பனிக்கட்டிக்கும், நாம் பாடநூலில் படிக்கும் அடர்த்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதைக் காண்போம்.

ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. "திண்மம், திரவம் இரண்டில் எதற்கு அடர்த்தி அதிகம்?" என்று வகுப்பில் கேட்டால், "திண்மத்திற்கு!" என்று மாணவர்கள் ஒரே குரலில் விடை சொல்வார்கள். பெரும்பாலான பொருள்களுக்கு அது சரியே. மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும்போது, உறைந்த பகுதி புட்டியின் அடியில் படிகிறது. உருகிய அலுமினியம் அச்சில் இறுகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு குறைகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்பு வேலை செய்பவர்களைக் கேட்டால், உலோகம் சுருங்கும் என்பதற்காகவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்வதாகச் சொல்வார்கள். நிறை மாறவில்லை, கன அளவு குறைந்தது. ஆகவே அடர்த்தி கூடியது.

நீரோ இந்த விதியை மீறுகிறது. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 4 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 1000 கிலோகிராம். அதே கன அளவுள்ள பனிக்கட்டியின் நிறை சுமார் 917 கிலோகிராம்தான். எனவே பனிக்கட்டி மிதக்கிறது.

இந்தச் சிறு உண்மையை ஏற்க அறிஞர்களுக்கே நெடுங்காலம் ஆயிற்று. குளிர்ந்து இறுகிய நீரே பனிக்கட்டி. அது அகன்ற தகடு போல் இருப்பதால்தான் மிதக்கிறது என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள் வாதிட்டனர். 1612இல் வெளியிட்ட மிதக்கும் பொருள்கள் பற்றிய நூலில் கலிலியோ இதை மறுத்தார். பனிக்கட்டியை நீருக்குள் அழுத்தி விட்டாலும் அது மேலே வருகிறதே! வடிவம் காரணமன்று, அது நீரைவிட இலேசானது என்பதே காரணம் என்றார்.

அடுத்த முக்கியமான படியை எடுத்தவர் எடின்பரோவில் பணியாற்றிய தாமஸ் சார்லஸ் ஹோப். உயரமான நீர்ச் சாடி ஒன்றில் மேலே ஒரு வெப்பமானியும் கீழே ஒரு வெப்பமானியும் வைத்து, சாடியின் நடுப்பகுதியைக் குளிர்வித்தால் என்ன நிகழும்? முதலில் கீழ் வெப்பமானி ஏறத்தாழ 4 டிகிரி வரை இறங்கி, அங்கேயே நின்றுவிடும். அதன் பின்னரே மேல் வெப்பமானி இறங்கத் தொடங்கிச் சுழியை எட்டும். அதாவது, நீர் 4 டிகிரி வரை குளிரும்போது அடர்த்தி கூடிக் கீழே இறங்குகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் அடர்த்தி குறைந்து மேலேறுகிறது. இந்த ஆய்வை ஹோப் 1805இல் வெளியிட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1806இல், பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலேற்றி மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினார். ஊரார் நகைத்தனர். அவர் தளரவில்லை. ஆய்வாளரும் வணிகரும் ஒருவரையொருவர் அறிந்து செயல்பட்டவர்கள் அல்லர். ஆயினும் முன்னவர் சாடியில் கண்டதுதான் பின்னவருடைய ஏரியில் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தது.

குளிர்காலம் நெருங்கும்போது மாசசூசெட்ஸ் ஏரிகளின் மேல் நீர் குளிர்ந்து கீழே இறங்கும். கீழ் நீர் மேலே வரும். ஏரி முழுவதும் 4 டிகிரியை அடையும் வரை இந்தச் சுழற்சி நடக்கும். அதன்பின் மேலும் குளிர்ந்த நீர் இலேசாகி, மேலேயே தங்கி உறையும். நாளடைவில் பனித்தளம் மனிதரையும் குதிரையையும் தாங்குமளவுக்குத் தடிக்கும். 1825இல் நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக் கலப்பையை உருவாக்கினார். அதனால் ஒரே அளவுள்ள கட்டிகளை விரைவாக வெட்ட முடிந்தது.

பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி மிக்கதாக இருந்திருந்தால்? உறைந்ததெல்லாம் அடியில் போய்ப் படிந்திருக்கும். குதிரை நிற்கத் தளம் ஏது? வெட்டுவதற்குக் கட்டி ஏது? மேலே மூடியாக நின்று அடிநீரைக் காக்கும் பனி இல்லாவிட்டால் ஏரி மீன்களும் பிழைத்திருப்பது அரிது.

1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். ஆயினும் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. இத்தகைய வணிகத்துக்கு உதவியது மரத்தூள். மரத்தூளின் இடுக்குகளில் காற்று நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தியும் குறைவு, வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறைவு. கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கியதும் உருகுதலைக் குறைத்தது. பின்னர் சென்னைக்கும் பனிக்கட்டி வந்தது. 1870களில் இயந்திரப் பனிக்கட்டி இங்கேயே உற்பத்தியாகத் தொடங்கியதும் இவ்வணிகம் நலிந்து மறைந்தது.

நீர் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் கோக்கப்பட்டு, நடுவே இடைவெளியுள்ள அறுகோணச் சட்டமாக நிற்கிறது. உருகும்போது அச்சட்டம் குலைந்து மூலக்கூறுகள் நெருங்குகின்றன. 4 டிகிரிக்கு மேல் வழக்கமான வெப்ப விரிவு வெல்கிறது.

இந்த '4 டிகிரி' என்ற எண்ணை மாணவப் பருவத்தில் நானும் மனப்பாடம்தான் செய்தேன். நம் ஊரில் அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கோடையில் கிணற்றில் குதித்தவர்களுக்கு மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் சில்லென்றும் இருப்பது தெரியும். செம்பரம்பாக்கம் ஏரி ஒருநாளும் 4 டிகிரியைத் தொடுவதில்லை. எனவே நாம் காண்பது நீரின் ஒரு முகம் மட்டுமே. அதன் மறுமுகம் ஒரு காலத்தில் கப்பலேறி வந்து நம் கடற்கரையில் இறங்கியது.

இன்று அது குளிர்பெட்டியிலேயே கிடைக்கிறது. ஒரு குவளை நீரில் பனிக்கட்டியையும், உருகிய தேங்காய் எண்ணெயில் உறைந்த எண்ணெய்த் துண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று மிதக்கும், மற்றது மூழ்கும். அடர்த்தி என்பது ஒரு பொருளின் மேல் எழுதி ஒட்டிய மாறாத எண்ணன்று என்பது அப்போது உங்கள் கண்ணுக்கே தெரியும்.